கடைசி பெஞ்சின் பொருத்தனை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், கொன்செய் என்ற ஆலோசனைச் சபையில் தனிஸ்லாஸ் மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதுதான் சரியான சொல். பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் கொட்டாவி. அதையும் கையால் மூடிக்கொள்ளும் மரியாதை அவருக்கு இருந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரொட்டிக்காரர் பிழைப்பு அப்படி. ஊரே குறட்டை விடும் நேரத்தில் எழுந்து மாவு பிசைந்து, அடுப்பு மூட்டி, கோயிலில் முதல் மணி அடிப்பதற்குள் கூடை கூடையாக ரொட்டி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு சபைக்குப் போனால், தலைக்கு மேலே பங்கா ஆட, காதுக்கு முன்னே பிரெஞ்சு ஓட, எந்த மனுஷனுக்குத்தான் கண் சொக்காது? கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்து இடத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டதே சாய்வதற்குத்தான்.

அவரைத் தேர்தலில் நிறுத்தியவர் வக்கீல் லூர்துநாதன். கட்சிக்குத் தலைவர், சபையில் முன்வரிசையில் தனி நாற்காலி, பாரீசில் படித்த நாக்கு. தனிஸ்லாஸின் ரொட்டி போகாத தெரு புதுச்சேரியில் இல்லை என்பதால் அவர் பெயரும் போகாத தெரு இல்லை என்று கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. தனிஸ்லாஸ் அமோகமாக ஜெயித்தார். எவ்வளவு அமோகம் என்றால், கல்லறைத் தோட்டத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த சிலர்கூட எழுந்து வந்து அவருக்கு வோட்டுப் போட்டிருந்தார்கள்.

பின்வரிசைக்காரர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். நிலக்காரர், மளிகைக்காரர், மரவாடிக்காரர் என்று எல்லாரும் நல்ல மனுஷர்கள். சபையில் ஓடும் பிரெஞ்சு அவர்களுக்கு அரைகுறை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உண்டுதான். யாராவது கேட்டால் சொல்வார், யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லாதபடி லூர்துநாதன் ஒரு வழி செய்துவைத்திருந்தார். வோட்டெடுப்பு வரும்போது சட்டைப்பையிலிருந்து தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பார். ஊரில் அதை முஷ்வார் என்பார்கள். முஷ்வார் வெளியே வந்தால் பின்வரிசை கை தூக்கும். வராவிட்டால் கை மடியிலேயே இருக்கும். தனிஸ்லாஸ் தூங்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் சவரிராயன் முழங்கையால் இடிப்பார். சவரிராயன் வில்லியனூர்ப் பக்கத்து நிலக்காரர், நல்ல பலசாலி. அந்த இடியில் தனிஸ்லாஸின் கை தானாகவே மேலே போய்விடும்.

முப்பத்து நாலாம் வருஷம் பொங்கல் கழிந்த ஒரு காலையில் பச்சையம்மாள் ரொட்டிக் கடை வாசலில் வந்து கூடையை இறக்கினாள். பிள்ளைச்சாவடியிலிருந்து நகரத்து மார்க்கெட்டுக்கு மீன் சுமந்து வரும் பெண்களில் அவள் ஒருத்தி. வியாபாரம் முடிந்து திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டி வாங்கிப்போவது பத்து வருஷப் பழக்கம். கூடை காலியாக இருக்கும், வாய் நிறையப் பேச்சிருக்கும். அன்று கூடை நிறைந்திருந்தது. பேச்சுதான் இல்லை.

"என்னா பச்சையம்மா, மீனு அப்பிடியே இருக்குது?"

"பாருங்க ஐயா. கண்ணு வெளுத்துப் போச்சு. இனிமே பூனைகூட மோந்து பாக்காது." கூடையை மூடியிருந்த ஈரத் துணியை விலக்கிக் காட்டினாள். "புதுசா மீன் கொட்டகை கட்டி இருக்காங்க இல்ல? அதுல டவுன்ல குடியிருக்கிறவங்க மட்டுந்தான் உக்காரலாமாம். பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு ஆளுங்கள்லாம் கேட்டுக்கு வெளிய, சாக்கடை ஓரமா, வெயில்ல. விடியக்காலம் கெளம்பி நடந்து வரோம். நடுவுல இங்கிலீஷ்காரன் ஊரு கொஞ்சம் வருது, அந்த எல்லைல சுங்கச் சாவடிக்காரன் கூடைய எறக்கிக் கிளறிட்டுத்தான் விடுறான். இங்க வந்து வெயில்ல வச்சா மீனு தாங்குமா? இருவது பேரு ஐயா நாங்க. இப்பிடியே போனா பொழப்பு முடிஞ்சது."

தனிஸ்லாஸுக்குக் கோபம் வந்தது. நல்ல மனுஷர்களுக்கு வருகிற, செலவில்லாத கோபம்.

"எந்த முட்டாப்பய போட்ட சட்டம் இது?"

பச்சையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தல் இல்லை, அதுதான் கொடுமை. "கொன்செய்லதான் ஐயா. ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் கையத் தூக்கினாங்களாம். கொட்டகைக் காவக்காரன் சொன்னான்."

தனிஸ்லாஸ் ஒரு ரொட்டிக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்தார். அவள் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே சபை அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுத்தராக இருந்தவர் கண்ணையன். பிரெஞ்சிலும் தமிழிலும் முத்து முத்தாக எழுதுவார். யாரையும் கேலி செய்யாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். கார்த்திகை மாதக் கூட்டத்தின் அச்சிட்ட நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இதோ. மீன் கொட்டகை விதி, ஏழாம் பிரிவு. நகரத்தில் குடியிருப்பவர்க்கு மட்டும். ஏகமனதாக நிறைவேறியது." விரலைக் கீழே நகர்த்தினார். "கை தூக்கினவங்க பேரு எல்லாம் இருக்குது. உங்க பேரு கடைசில. நல்ல கெட்டி எழுத்துல போட்டிருக்கான்."

அந்த நாள் தனிஸ்லாஸுக்கு ஞாபகம் வந்தது. உண்மையில், அந்த நாளின் முழங்கை ஞாபகம் வந்தது. விலாவில் ஒரு இடி, கை மேலே, மறுபடி தூண். அவ்வளவுதான். இருபது பெண்களைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ள அவருக்கு ஒரு கொட்டாவி நேரம்கூடத் தேவைப்படவில்லை. அவர் வெட்கப்பட்டார். காது மடல் சுடுகிற அளவுக்கு வெட்கப்பட்டார்.

"இத மாத்தணும் கண்ணையா. என்னா செய்யணும்?"

"கட்சித் தலைவர் மாத்தலாம்."

"தலைவரு மாத்த மாட்டாரு. கொட்டகையில மீன் விக்கிற கல்மேடைங்க எல்லாம் அவரு ஆளுங்களுக்குத்தானே போயிருக்கும். நான் மாத்தணும்."

கண்ணையன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரை மறுபடி பார்த்தார். "ஒரு வழி இருக்குது. எந்த உறுப்பினரும் தனியா எழுதிக் கொடுக்கலாம். சபை ஒத்துக்கிட்டா குவர்னருக்குப் போவும். இதுவரைக்கும் பின்னாடி பெஞ்சுலேர்ந்து யாரும் கொடுத்ததில்ல. அதுக்குப் பேரு வே."

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஆசை, வேண்டுகோள் என்று அர்த்தம். ஆனால் தனிஸ்லாஸ் பிரெஞ்சு கற்றது பள்ளியில் பாதி, கோயிலில் பாதி. கோயில் பாதியில் அந்தச் சொல் இருந்தது. கன்னியாஸ்திரீகள் பீடத்தின் முன் மண்டியிட்டு எடுப்பது வே. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மாதாவுக்கு நேர்ந்துகொள்வதும் வே. பொருத்தனை.

"வச்சிடறேன்" என்றார் உடனே. "எந்த மாதாவுக்கு?"

கண்ணையன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மாதாவுக்கு இல்ல, முசியே. குவர்னருக்கு."

"சரி, யாருக்கோ. நெறவேறினா நான் என்னா செலுத்தணும்?"

இதைக் கேட்டதும் கண்ணையனின் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க நாற்காலிய" என்றார். "அனேகமா சொல்தா கொட்டடிக்குப் போற ரொட்டியையும்."

சிப்பாய்கள் தங்கியிருந்த அந்தக் கொட்டடிக்கு ரொட்டி போடும் உரிமையை வாங்கிக் கொடுத்தவரும் லூர்துநாதன்தான். தனிஸ்லாஸின் அடுப்பில் பாதி அதற்காகத்தான் எரிந்தது. இருந்தாலும், "எழுது" என்றார். கண்ணையன் எழுதினார்.

மறுநாள் பச்சையம்மாள் வந்தபோது, "உங்களுக்காகக் கொன்செய்ல ஒரு பொருத்தனை வச்சிருக்கேன், திங்கக்கெழமை எடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு அவருக்கே தோன்றியது.

காகிதம் அலுவலகத்துக்குப் போன மூன்றாம் நாள் லூர்துநாதனிடமிருந்து ஆள் வந்தது. வக்கீல் வீட்டுக் கூடத்தில் தனிஸ்லாஸுக்கு நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். லூர்துநாதன் கோபத்தில் இருக்கும்போதுதான் உபசாரம் பலமாக இருக்கும்.

"முசியே தனிஸ்லாஸ், உங்க கடையில மாவு பெசையறவன் தெனம் உங்கள வந்து, ஏன் இவ்வளவு உப்பு, ஏன் இவ்வளவு தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா ரொட்டி வேகுமா?"

"வேகாது, முசியே."

"சபையும் அப்பிடித்தான். முன்னாடி இருக்கிறவங்க யோசிப்போம். பின்னாடி இருக்கிறவங்க கையத் தூக்குவீங்க. ஆளுக்கு ஆள் யோசிச்சா கட்சி எதுக்கு? வெள்ளக்காரன் நம்மளப் பாத்துச் சிரிப்பான். அந்தக் காயிதத்த வாபஸ் வாங்கிடுங்க. அந்தப் பொம்பளைங்களுக்கு வோட்டும் கெடையாது."

லூர்துநாதன் கெட்டவர் இல்லை. சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுவே தனிஸ்லாஸைக் குழப்பியது. கடைசியாகச் சொன்னதுதான் உறுத்தியது. வோட்டு இல்லாதவர்களுக்காக யார் யோசிப்பார்கள்? முன் பெஞ்சு யோசிக்கவில்லை. பின் பெஞ்சு தூங்கிவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன், முசியே" என்று எழுந்தார். யோசிப்பதாக அவர் சொன்னதே லூர்துநாதனுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி சூசைமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கொட்டடி ரொட்டி போச்சுன்னா பாதி அடுப்பு அவிஞ்சிடும், மேரி."

"தெரியுது."

"வாபஸ் வாங்கிடட்டுமா?"

சூசைமேரி முறத்தைக் கீழே வைத்தாள். "மூத்தவனுக்கு வைசூரி போட்டப்ப வில்லியனூர் மாதாவுக்குப் பொருத்தனை வச்சோம். பொழச்சான். நடந்து போறதுக்கு உங்களுக்குக் கால் வலிச்சிது. வாபஸ் வாங்கிட்டீங்களா?"

"அது மாதாவுக்கு. இது குவர்னருக்கு."

"யாருக்கு வச்சா என்னா? வச்சது வச்சதுதான்" என்று மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். "வேணும்னா கேக் போட்டு விப்போம். பட்டினி கெடக்க மாட்டோம்."

திங்கட்கிழமை காலை அவள் அவருடைய கோட்டுப் பையில் ஒரு புது வெள்ளைக் கைக்குட்டையை மடித்து வைத்தாள். பேசப் போகிற மனுஷன் மாவுத் துணியால் முகம் துடைக்கக்கூடாது என்பது அவள் கவலை.

சபைக் கட்டிடத்துக்குப் போனபோது வாசலில் கூட்டம். பச்சையம்மாளும் மற்றப் பெண்களும், இருபது பேர், படிக்கட்டில் வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு நின்றார்கள். பட்டப்பகலில் இருபது சுடர். காவல் சிப்பாய் துப்பாக்கியைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். கலகம் செய்தால் விரட்டலாம். மெழுகுவர்த்தியை எப்படி விரட்டுவது? அவனும் சர்வேசுரனுக்குப் பயந்த ஆள்.

"என்னா பச்சையம்மா இது!"

"நீங்கதானே ஐயா சொன்னீங்க, பொருத்தனைன்னு? வேளாங்கண்ணிக்குப் போயி நாங்க ஏத்துவோம் இல்ல, அந்த மாதிரி ஏத்தினோம். தில்லையம்மா அக்காதான் ஒரு கட்டு வாங்கியாந்தது. ஏன், தப்பா?"

தனிஸ்லாஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தப்பு இல்ல. காத்துல அணையாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சபையில் ஜன்னல்கள் திறந்திருந்தன. மெழுகு வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து வந்தன. பங்கா எவ்வளவு ஆடியும் போகவில்லை. வேறு விஷயங்கள் இரண்டு மணி நேரம் ஓடின. தனிஸ்லாஸ் தூணில் சாயவே இல்லை. பிறகு சபைத் தலைவர் காகிதத்தைப் பார்த்து அவர் பெயரைப் படித்தார். படித்துவிட்டு, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தார்.

தனிஸ்லாஸ் எழுந்தார். பாடம் பண்ணி வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "தமிழ்ல பேசறேன், நீங்க சொல்லுங்க" என்றார்.

"தலைவர் அவர்களே, நான் ரொட்டிக்காரன். மூணு வருஷமா இங்க தூங்கினேன். கார்த்திகை மாசம் மீன் கொட்டகை விதி வந்தப்பவும் தூங்கினேன். கை மட்டும் தூக்கினேன். அந்தக் கையாலதான் வெளிய நிக்கிற இருவது பேரையும் சாக்கடைக்குத் தள்ளினேன்னு எனக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்றது சாக்கு. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல."

மொழிபெயர்ப்பாளர் 'தூங்கினேன்' என்பதைப் பிரெஞ்சில் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லப் பார்த்து, முடியாமல் அப்படியே சொன்னார்.

"டவுன்ல இருக்கிறவங்க உக்காரட்டும். வேணாங்கல. கொட்டகையில இடம் இருக்குது, நான் போயி எண்ணிப் பாத்துட்டு வந்தேன். பாதி கல்மேடை காலியாத்தான் கெடக்குது. பிள்ளைச்சாவடிக்காரங்களும் நம்ம கொடிக்குக் கீழ இருக்கிறவங்கதான். தூரத்துல இருக்கிறாங்க, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நாமகூட இந்தச் சபையில பின்னாடிதான் உக்காந்திருக்கோம். அதுக்காக நம்மள வெளிய நிக்க வச்சாங்களா?"

உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். சபைத் தலைவர் வோட்டுக்கு விட்டார்.

லூர்துநாதன் தன் முஷ்வாரை எடுத்தார். எல்லாரும் பார்க்கும்படி அதை நாலாக மடித்து, பையின் ஆழத்துக்குள் திணித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இதைவிடத் தெளிவாக யாரும் உத்தரவு போட முடியாது.

தனிஸ்லாஸின் கை ஒன்றுதான் மேலே இருந்தது. முழங்கையால் யாரும் இடிக்காமல் அது தானாக மேலே போன முதல் தடவை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மற்றக் கையால் கோட்டுப் பையைத் துழாவி, சூசைமேரி வைத்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தார். வெளியே படிக்கட்டுக்குப் போய் என்ன சொல்வது என்ற யோசனையில் இருந்தார்.

அப்போது பக்கத்தில் சவரிராயன் மெல்லிய குரலில், ஆனால் பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "முஷ்வார் வெளிய வந்திடுச்சு."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். மளிகைக்காரர் அவரைப் பார்த்தார், தனிஸ்லாஸின் கையில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அவர் கையும் மேலே போனது. மரவாடிக்காரர் தூக்கினார். ஒவ்வொன்றாக அந்த வரிசையில் பன்னிரண்டு கைகளும் உயர்ந்தன. எதிர்க்கட்சிக்காரர் இரண்டு பேர், லூர்துநாதன் முகம் போன போக்கைப் பார்க்கும் ஆசையிலேயே தூக்கினார்கள். சபைத் தலைவர் எண்ணினார். வந்திருந்தவர் இருபத்தாறு. கை பதினாலு. நிறைவேறியது.

லூர்துநாதன் நாற்காலியோடு திரும்பினார். "சவரிராயன்! இது என்னா வேலை?"

"முஷ்வார் வந்துச்சு முசியே, தூக்கினோம்" என்றார் சவரிராயன் பணிவாக. "வெள்ளையா இருந்துச்சு. யாரோடதுன்னு பின்னாலேர்ந்து சரியாத் தெரியல."

தன் மாட்டை ஊர்க் கோடியிலிருந்தே அடையாளம் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர்.

பொருத்தனை சபையில் நிறைவேறினாலும் குவர்னர் அலுவலகத்தில் அது வெறும் காகிதம்தான், அங்கே காகிதங்களுக்குத் தூக்கம் அதிகம். தனிஸ்லாஸ் அதைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ரொட்டிக் கூடைகளை அனுப்பிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய் அந்த அலுவலகத்து வாசலில் நின்றார். கொட்டடி ரொட்டி இரண்டாம் வாரமே வேறு கடைக்குப் போய்விட்டது. சூசைமேரி சொன்னபடியே கேக் போட ஆரம்பித்தாள். கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலத்தில் கேக் விற்குமா? விற்கவில்லை. அந்த மாதம் கஷ்டமாகத்தான் போயிற்று. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஏழாவது செவ்வாய்க்கிழமை, இவரை வாசலில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு அதிகாரி காகிதத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துக்கு அனுப்பினார்.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்த வாரம் பச்சையம்மாள் கடைக்கு வந்தாள். கூடை காலி. அடியில் மட்டும் ஒரு வஞ்சிரம், வாழையிலையில் சுற்றி.

"இது என்னாத்துக்கு?"

"காணிக்க ஐயா. உள்ள உக்காந்துட்டோம், இருவது பேரும். எனக்கு மூணாவது கல்லு, நல்ல நெழலு. பொருத்தனை நெறவேறினா செலுத்தணும் இல்ல?"

"பொருத்தனை வச்சது நான். நான்தான் செலுத்தணும்."

"நீங்கதான் செலுத்திட்டீங்களே" என்றாள் பச்சையம்மாள், பாதி அவிந்துகிடந்த அடுப்பைப் பார்த்து. இந்தத் தடவை இரண்டு ரொட்டி கொடுத்தார். அவள் திருப்பி வைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தனிஸ்லாஸ் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். வரும் தேர்தலில் அவருக்கு இடமில்லை என்று ஊரே பேசிக்கொண்டது. அவருக்கும் தெரியும். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதுவரை விழித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ஏரி வாய்க்கால் சம்பந்தமாக ஒரு விதி வந்தது. பிரெஞ்சில் நீளமாகப் படித்தார்கள். வோட்டெடுப்பு வந்தது. லூர்துநாதன் பழக்கப்படி முஷ்வாரை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

பின்னால் ஒரு கையும் எழவில்லை.

தனிஸ்லாஸ் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை, யாரிடமும் பேசிவைத்திருக்கவில்லை. வரிசையின் கோடியில் மளிகைக்காரர், இந்தச் சபையில் இதுவரை வாயே திறக்காதவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க முசியே" என்றார் லூர்துநாதனிடம். "கையத் தூக்கறோம். என்னா விசயம்னு மட்டும் தமிழ்ல ஒரு தடவ சொல்லிடுங்களேன்."

லூர்துநாதன் முஷ்வாரை மடித்தார். பிறகு அதைப் பையில் வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பின்வரிசையைப் பார்த்து உட்கார்ந்து, வாய்க்கால் எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. சவரிராயன் மட்டும் ஏழு கேள்வி கேட்டார்.